அப்பா சிரித்த இரண்டு நிமிடம்

எடிட்டிங் கற்றுக்கொண்டு நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை, என் அப்பாவின் மூச்சை நிறுத்தியது. அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் வேலையாக ஒரு படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்து, எடிட் செய்து தரச் சொன்னார்கள். இரண்டரை நிமிடம். மீதிப்படம் என்று ஒன்று கிடையாது, ஆனால் பார்த்தவனுக்கு மீதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்ற வேண்டுமாம். வகுப்பில் பாதிப் பேர் காதல் எடுத்தார்கள். நான் கொலை எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளத்தை வைத்துக்கொண்டு மரக்காணத்துக்காரி வேறு எதை எடுப்பாள்? விடியற்காலை. ஆளில்லாத வரப்பு. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல். வேலைக்கு வரும் ஒருத்தி கீற்றை விலக்குகிறாள், உள்ளே ஒரு ஆணின் பிணம். அதன் மேல் படத்தின் பெயர் வரும். அவ்வளவுதான் கதை.

கீற்றை விலக்கும் கை என்னுடையது. கேமரா, என்னோடு படித்த திண்டிவனத்துப் பையன். அவன் லீவு நாட்களில் கல்யாண வீடியோ எடுக்கப் போவான். ஒரு சினிமா கம்பெனியில் இரண்டு மாதம் உதவியாளாக லைட் தூக்கியும் இருக்கிறான், அதனால் எங்கள் எல்லோரையும் விடத் தனக்கு விஷயம் தெரியும் என்ற நினைப்பு. பிணமாக நடிக்க வகுப்பிலேயே ஒருவன் ஒத்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் அவனுடைய அம்மா எனக்குப் போன் செய்து, ஒற்றைப் பிள்ளையைப் பிணமாகப் படுக்க வைக்க நான் யார் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

நான் வீட்டில் குதித்த குதியைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்:

"அவன் வரலன்னா என்னா இப்ப? நான் படுக்கறேன். சும்மா படுக்கறதுதானே, இது ஒரு வேலையா?"

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர். அவர் வேலை செய்யும் பாத்தியிலேயேதான் படம் எடுக்கவும் கேட்டு வைத்திருந்தார். மாசி மாதம், உப்பு எடுக்கத் தொடங்கியிருந்த நேரம். மறுநாள் ஆறு மணிக்குச் சட்டையைக் கழற்றி வரப்பில் மடித்து வைத்துவிட்டு, குவியல் மேல் மல்லாந்து படுத்தார். ஈர உப்பு. வெறும் முதுகு. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வெளிச்சம் போய்விடும் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

பிரச்சினை வயிறு. கீற்றை விலக்கியதும் பிணத்தின் வயிறு ஏறி இறங்கியது. இரண்டாவது டேக்கிலும் அதே. மூன்றாவதில் மூச்சை அடக்கிக்கொண்டார், நான் கீற்றை விலக்குவதற்குள் தாங்க முடியாமல் பெரிதாக விட்டுவிட்டார். ஆறு டேக் எடுத்தோம். ஆறாவதிலும் வயிறு அசைந்தது, ஆனால் சூரியன் ஏறிவிட்டது. போதும் என்று சொன்னேன். அந்தப் 'போதும்' என்பதைக்கூட எரிச்சலாகத்தான் சொல்லியிருப்பேன்.

நான் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கியபோது திண்டிவனத்தான் கேமராவை அணைக்கவில்லை.

"அப்பா, எழுந்து ஒக்காந்து கேமராவ பாத்து ஒரு வாட்டி சிரிச்சிடுங்க" என்றான். "பொணமா நடிச்சவங்கள அப்படியே வுட்டுடக்கூடாது. கம்பெனில இத எடுக்காம பேக்கப்பே சொல்ல மாட்டாங்க."

சினிமாக்காரர்கள் வழக்கம் அது. செத்ததாக நடித்தவர் உயிரோடு எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும். நடித்தது நடிப்போடு போகட்டும் என்று அர்த்தம். அந்த ஷாட் எந்தப் படத்திலும் வராது.

"சும்மா சிரின்னா எப்படிப்பா சிரிப்பு வரும்?" என்றார் அப்பா. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். முட்டி வரை சேறும், தலையில் கீற்றுத் தூசியுமாக நான் உர்ரென்று நின்றிருந்தேன். "ஏம்பா, இவ மூஞ்ச பாரு. செத்தது நானா, இவளா?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நின்றபாடில்லை. கேமராக்காரனும் சேர்ந்துகொண்டான். இரண்டு நிமிடம் ஓடியது அந்த ஷாட். பேட்டரி வீணாகிறது என்று நான் கத்தினேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா அவர் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். முதுகெல்லாம் சிவந்திருந்தது. பிணமாகப் படுத்ததையும், பிறகு சிரித்துவிட்டு எழுந்ததையும் அப்பா கதை மாதிரி சொன்னார். "சிரிச்சீங்க இல்ல? அப்ப சரி" என்று சொன்னாலும், அம்மா மனசு கேட்காமல் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள்.

அதன் பிறகு ஒரு மாதம் லேப்டாப்பும் நானும்தான். பழைய லேப்டாப். நாலு கிளிப்பைப் போட்டால் மூச்சு வாங்கும், ஐந்தாவதுக்கு இடம் இல்லை என்று சொல்லும். ஒருநாள் மத்தியானம் அது நடுவில் நின்றுவிட்டது. கோபத்தில் படத்துக்கு வேண்டாதவற்றையெல்லாம் வரிசையாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அழித்ததில் பெரியதாக இருந்தது கடைசி கிளிப், அப்பா சிரித்தது. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. படத்தில் வராத ஒன்றுக்கு என் லேப்டாப்பில் என்ன வேலை என்ற திமிர்தான்.

இடம் கிடைத்ததும் வேலை நன்றாக ஓடியது. ஆறாவது டேக்கை எடுத்துக்கொண்டேன். அப்பாவின் நெஞ்சும் வயிறும் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி, அசையாத ஒரே ஒரு படமாக ஆக்கி, அதே இடத்தில் மேலே ஒட்டினேன். ஓரம் தெரியாமல் ஒட்ட நாலு நாள் ஆனது. சுற்றிலும் கீற்று காற்றில் ஆடும், அவர் தலைமயிர் ஆடும், தூரத்தில் கொக்கு பறக்கும். வயிறு மட்டும் ஆடாது. சாரிடம் காட்டினேன். "பிணம்னா இதுதான் பிணம்" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் மரக்காணம் வரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

பங்குனியில் ஒரு நாள், வெயில் ஏறிய நேரம், அப்பா உப்பை வாரிக்கொண்டிருந்தபோது கை மரத்துப்போகிறது என்று சொல்லியிருக்கிறார். பலகை கையிலிருந்து நழுவியிருக்கிறது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் உப்பு ஏற்றும் வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு. நான் கல்லூரியிலிருந்து ஓடினேன். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. முகத்தில் இடது பக்கம் தொங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார், வாய் குழறியது. பல வருஷமாகப் பிரஷர் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்று டாக்டர் சொன்னார்.

வானூரில் கட்டிக்கொடுத்த பெரிய அத்தை அன்று சாயங்காலமே வந்துவிட்டார். அப்பாவுக்கு மூத்தவர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் தம்பி விஷயத்தில் யாரையும் விட மாட்டார். வார்டு வாசலில் வைத்தே ஆரம்பித்தார்.

"பொண்ணு சினிமா எடுக்கறேன்னு பெத்த அப்பனையே பொணமா படுக்க வெச்சாளாமே. வெளங்குமா இது?"

அம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அதெல்லாம் மொறையாத்தான் பண்ணாங்க அண்ணி. எழுந்து சிரிச்சிட்டுதான் வந்தாரு. வீடியோ இருக்குது. இவ வெச்சிருக்கா."

அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

அடுத்த பத்து நாளில் பார்க்க வந்த எல்லோரும் அதையே சுற்றி வளைத்துக் கேட்டார்கள். அம்மாவும் சளைக்காமல் எல்லோரிடமும் அதையே சொன்னாள். "சிரிச்சாருங்க. ரெண்டு நிமிஷம். வீடியோ இருக்குது." சொல்லச் சொல்ல அவளுக்கே தைரியம் வந்துகொண்டிருந்தது. எனக்காக எத்தனை பேரிடம் வாதாடினாளோ, அத்தனை பேரிடமும் இல்லாத ஒன்றைக் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு ஒரு வாட்டி காட்டுடி அத. பாத்துட்டா எனக்கு மனசு ஆறிடும்."

"காலேஜ் சிஸ்டம்ல இருக்குதும்மா. கொண்டாறேன்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. டாக்டர் சொன்ன காரணம்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது வேறு, அம்மா வாய்விட்டுக் கேட்கும்போது பொய் சொல்லி நிற்பது வேறு. நம்பிக்கையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அப்பா முழு முகத்தோடு சிரிக்கும் படம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்தது. போட்டோ என்றாலே விறைத்துக்கொள்கிற ஆள் அவர். கல்யாணப் போட்டோவில்கூடப் போலீஸ்காரர் மாதிரி நிற்பார்.

திண்டிவனத்தானுக்குப் போன் செய்தேன். கேமராவின் கார்டில் இருக்குமா என்று கேட்டேன். உனக்குத்தான் எல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தேனே, அதற்கு மேல் நாலு கல்யாணம் எடுத்துவிட்டேன் என்றான். விஷயத்தைச் சொன்னதும், "அத போயா அழிச்ச?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் கார்டோடு வந்தான். பாண்டிச்சேரியில் அழிந்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்றுக்கு இரண்டு பேரும் போனோம். கார்டிலிருந்து வந்ததெல்லாம் யாரோ ஒரு மணப்பெண்ணின் பாதி முகமும், சீர்வரிசைத் தட்டுகளும்தான். என் லேப்டாப்பிலும் தேடிப் பார்த்தார்கள். "அதே எடத்துல மேல மேல வேற எழுதிட்டீங்கம்மா. ஒண்ணும் பண்ண முடியாது" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். நாலு நாள் ஓரம் ஒட்டினேனே, அந்த வேலையெல்லாம் போய் உட்கார்ந்தது அந்தச் சிரிப்பு இருந்த இடத்தில்தான்.

மூன்று வாரம் கழித்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கூடத்தில் கட்டிலைப் போட்டோம். படத்தைக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பகலில் அவர் தூங்கும்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையை முடிக்கப் பார்த்தேன். உண்மையில் முடிக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தேன். ஆறு டேக்கும் இருந்தன. அவற்றில் எங்கேயாவது ஒரு நொடி சிரித்திருக்க மாட்டாரா?

எடிட் செய்கிறவர்கள் டேக்கின் தலையையும் வாலையும் பார்ப்பதில்லை. ஷாட் முடிந்ததும் வெட்டிவிடுவோம். நான் அந்த வால்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது டேக்கின் வாலில் அப்பா எழுந்து உட்கார்கிறார். முதுகில் ஒட்டிய உப்பைப் பின்னால் கைவிட்டுத் தட்டிக்கொள்கிறார். முகம் கோணுகிறது, முதுகு எரிந்திருக்கிறது. என்னைப் பார்த்து, "ஏம்மா, இப்ப சரியா இருந்துதா?" என்று கேட்கிறார். சிரிப்பு இல்லை. நல்ல பேர் வாங்க நினைக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். அதற்குக் கேமராவுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் பதில் சொல்கிறது:

"செத்தவன் மூச்சு வுடுவானாப்பா? பேசாம படு."

நான்தான். இவ்வளவு கேவலமாக நான் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஹெட்போனைக் கழற்றினேன். கட்டிலில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் திறந்து, காற்று அங்கே மட்டும் புஸ் புஸ்ஸென்று போய் வந்தது. வயிறு ஏறியது, இறங்கியது. வார்டில் இருபது நாளும் தூக்கத்திலிருந்து விழித்தெழும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்த்தேன், அது ஏறி இறங்குகிறதா என்று.

டைம்லைனில் நான் ஒட்டி வைத்திருந்த அந்த அசையாத துண்டைத் தேர்ந்தெடுத்து எடுத்துவிட்டேன். பிணம் மூச்சு விட்டது. அப்படியே எக்ஸ்போர்ட் போட்டு, அப்படியே கொடுத்தேன். வகுப்பில் போட்டபோது அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சரியாக இருந்ததை ஏன் கெடுத்தாய் என்று சார் கேட்டார். சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். அவருக்கு நான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் அல்ல என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மதிப்பெண் குறைந்தது. நான் அந்தப் படத்தை அதற்குப் பிறகு திறக்கவில்லை.

படம் முடிந்துவிட்டது என்று அம்மா வாய் தவறி அத்தையிடம் போனில் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து நின்றார். வாழைப்பழம், ஹார்லிக்ஸ், தம்பிக்குக் கைவைத்த பனியன். கட்டிலில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அவர் காலைப் பிடித்துவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"வேலதான் முடிஞ்சிடிச்சாமே. எங்க, அந்த சிரிச்சத காட்டு பாப்போம். தம்பியும் பாக்கட்டும். அவனுக்கும் நல்லா இருக்கும்."

"காட்டுடி" என்றாள் அம்மா. அவள் குரலில் அவ்வளவு நிம்மதி. இத்தனை நாள் சொன்னதற்கெல்லாம் இன்றைக்கு முடிவு கட்டிவிடலாம் என்ற நிம்மதி.

லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தேன். பாஸ்வேர்டு போட்டேன். வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டேன். மறுபடியும் தப்பாகப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தலையைத் தூக்கினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது, ஐந்தாறு நொடி இருக்கும். அவள் முகத்திலிருந்த நிம்மதி போய்விட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அது இதுல இல்ல அண்ணி" என்று அம்மா ஆரம்பித்தாள். "காலேஜ்லயே குடுத்துட்டா. எனக்கு ஆஸ்பத்திரியிலயே போன்ல காட்டிட்டா. நான் பாத்துட்டேன்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. நாலஞ்சு வாட்டி பாத்தேன். உங்க தம்பி சிரிப்பு உங்களுக்குத் தெரியாதா? மொதல்ல சத்தமே வராது. தோளு மட்டும் குலுங்கும். அப்புறம் வயித்த புடிச்சிக்குவாரு. கடைவாயில பல்லு போன ஓட்ட தெரியும் இல்ல, அது தெரியற மாதிரி வாய அம்மாம் பெருசா தொறந்து, தலைய பின்னால சாச்சி, கண்ணுல தண்ணி வர வரைக்கும்..."

கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஒரு தடுமாற்றம் இல்லை. பார்த்தவள் மாதிரியேதான் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள்தானே. அத்தைக்கு முகம் இளகியது. "ஆமா, அப்படித்தான் சிரிப்பான், சின்னதுல இருந்தே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அந்த வீடியோவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அம்மா சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கப் போனார். வலது பக்கம் உதடு ஏறியது. இடது பக்கம் அப்படியே கிடந்தது, அதன் ஓரத்தில் எச்சில் வழிந்தது. அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். நல்ல கையை மெதுவாகத் தூக்கி வாயை மூடிக்கொண்டார்.

அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.